டென்ட்டுக்குள் தூபக்கால் வேண்டாம்

தம்பி,

உன் டென்ட் காய்ந்துவிட்டது. முழுதாகக் காய மூன்று நாள் ஆயிற்று. ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போய் வந்த மறுவாரம் எங்களைப் பார்க்கச் சிதம்பரம் வந்தாய். ஒரு காபி குடித்தாய். "அப்பா, கடலூர் வீட்ல எடம் இல்ல, இது இங்கியே கெடக்கட்டும்" என்று அந்தப் பச்சைப் பையை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனாய். ஈரமாக மடித்த டென்ட் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போன உன் அம்மா, எலி செத்துக் கிடக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் எலியைத் தேடினேன். எலி இல்லை, உன் டென்ட். பிரித்தால் துணி முழுக்கக் கருப்புக் கருப்பாகப் பூஞ்சைப் புள்ளி. மடிப்புக்குள் மூன்று முறுக்கு, பாப்பாவின் ஒரு கால் சாக்ஸ், மண்ணோடு சுருட்டிய தரைவிரிப்பு. எட்டு மாதக் குழந்தைக்கு அப்பனாகிவிட்டாய், ஈரத் துணியை உதறிப் போட இன்னும் உனக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

மொட்டை மாடியில் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் குளியல் சோப்பைக் கரைத்து, ஸ்பாஞ்சால் துடைத்தேன். சலவைத் தூள் போடக் கூடாது, பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தண்ணீர் இறங்காமல் இருப்பதற்காகத் துணியின் மேல் பூசியிருக்கும் பூச்சு போய்விடும், அப்புறம் அது டென்ட் இல்லை, வெறும் சல்லடை. இது உன் அம்மாவுக்குப் புரியவில்லை. இந்த வீட்டில் துவைத்த எந்தத் துணியும் கஞ்சி போடாமல் கொடியேறியதில்லை. "லேசா ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு எடுத்தா வெரப்பா நிக்குமே" என்று ஒரு சட்டியோடு மாடிக்கே வந்துவிட்டாள். அவளைக் கீழே அனுப்புவதற்குள் எதிர்வீட்டு மாடியில் இருந்து குரல். "என்னா சார், வீட்ல எதுனா விசேஷமா? பந்தல் போட்டுட்டீங்க?" விசேஷம்தான், என் பிள்ளை ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறான் என்றேன். வெயிலிலும் நாள் முழுக்கப் போட முடியாது, துணி நைந்துபோகும். நிழல் நகர நகர நானும் அதை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இது தேவையா என்று நீயே யோசி.

கம்பிகளைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அவை துண்டு துண்டாக இருக்கின்றன, உள்ளே ஒரு எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. மடிக்கும்போது நடுவில் இருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மடித்துக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் கயிறு ஒரே பக்கம் இழுபடாது. துணிக்குள் செருகும்போது தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் துண்டுகள் கழன்று உள்ளே சிக்கிக்கொள்ளும். நீ இழுத்திருக்கிறாய். ஒரு கம்பியின் மூட்டு பிளந்திருக்கிறது, அதற்கு உறை போட்டு ஒட்டியிருக்கிறேன். பதினான்கு முளைகளில் பதினொன்றுதான் இருக்கிறது. மீதி மூன்று ஏலகிரியில் யார் காலில் குத்தக் காத்திருக்கிறதோ. தரைவிரிப்பு டென்ட்டை விட ஒரு விரலாவது உள்ளடங்கி இருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் மழைத் தண்ணீரை வாங்கி நேரே உன் முதுகுக்குக் கீழே கொண்டுவரும் என்று போன தடவையே சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. "எல்லாம் நனைஞ்சிடுச்சுப்பா" என்று ஏலகிரியில் இருந்து நீ போன் செய்தாயே, அது இந்தத் தண்ணீர்தான்.

இதெல்லாம் தினமும் நடக்கிற கூத்து. இதற்காக உட்கார்ந்து கடிதம் எழுதவில்லை. புதன்கிழமை நீ வீடியோ காலில் வந்தாயே, அதற்காக எழுதுகிறேன். இந்தச் சனிக்கிழமை காலை சிதம்பரம் வந்து டென்ட்டை எடுத்துக்கொண்டு, பண்ருட்டிப் பக்கம் உன் மாமனாரின் முந்திரித் தோப்புக்குப் போகிறோம் என்றாய். கார்த்திகை மாதத்தில், மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கிற நேரத்தில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு. சரி, வாலிபம். எடுத்துப் போகிற சாமான்களை ஒவ்வொன்றாகக் காமிராவுக்கு முன்னால் காட்டினாய். விளக்கு, பாய், ஃப்ளாஸ்க், பாப்பாவின் கொசுவலைக் குடை. அப்புறம் ஒரு மண் தூபக்கால். ஒரு பை நிறையக் கொட்டாங்குச்சிக் கரி. "பாத்தீங்களாப்பா? நீங்க போடுவீங்கள்ல, அதே மாரி டென்ட்டுக்குள்ள சாம்பிராணி போடப் போறேன். டென்ட்டுன்னாலே எனக்கு அந்த வாசனதான் ஞாபகம் வருது. ஜிப்ப மூடிட்டுப் போட்டா ஒரு கொசு இருக்காது, பாப்பாவுக்கும் கதகதன்னு இருக்கும்." நான் வேண்டாம் என்று கத்தினேன். நீ சிரித்தாய். "அப்பா, நீங்க எல்லாத்துக்கும் வேணாம்னுதான் சொல்லுவீங்க. சொல்லிக் குடுத்ததே நீங்கதான்" என்றாய். பாப்பா அழுதது, போனை வைத்துவிட்டாய்.

அன்று ராத்திரி முழுக்க உன்மேல் எரிந்துகொண்டு கிடந்தேன். விடிந்தபோதுதான் என்மேல் எரிச்சல் வந்தது. நீ சொன்னது சரி. சைக்கிள் வேண்டாம், கடலில் குளிக்க வேண்டாம், மேல்பட்டாம்பாக்கத்தில் உன் சிநேகிதன் வீட்டில் தங்க வேண்டாம் என்று இருபத்தெட்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் வேண்டாம் சொன்னவன் நான். உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஒன்று வந்தபோது என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்க மாட்டாய். காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் பதினெட்டு வருஷமாக உன் அம்மாவிடமும் உன்னிடமும் நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே அவள் உட்கார்ந்திருக்கும்போது போனில் எப்படிச் சொல்வது? அதனால் நேற்று மூன்று முறை உனக்குப் போன் போட்டு, மூன்று முறையும் முளையை எண்ணினாயா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

நம் பழைய டென்ட் உனக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விற்றது. அதை வாங்கியே தீர வேண்டும் என்று நின்றவள் உன் அம்மா. எனக்கு அதில் விருப்பமே இல்லை. வீடு இருக்கும்போது எதற்குத் துணிக்குள் படுக்க வேண்டும் என்றேன். "வீட்லதான் எப்பவும் இருக்கமே" என்றாள். அவள்தான் முதல் முறை அதை நிறுத்தியவள். சாமியார்பேட்டை சவுக்குத் தோப்பில், மணலில் முளை நிற்காது என்று நான் குறை சொல்லிக்கொண்டிருக்க, அவள் சாக்குத் துண்டுகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிக் குழிக்குள் புதைத்து, டென்ட்டை விறைப்பாக நிற்க வைத்தாள். இரண்டு முறை போய் வந்தோம். இரண்டு முறையும் சாயங்காலம் கொசு வந்ததும் நான் தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, உள்ளே ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வெளியே எடுத்தேன். வீட்டில் வெள்ளிக்கிழமை காட்டுவது போலத்தான். வாசல் திறந்தே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. நீ நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டு நாட்களை.

மூன்றாவது முறை மழை பிடித்துக்கொண்டது. பிற்பகல் நான்கு மணி இருக்கும். உள்ளே எல்லாம் நசநசவென்று ஈரம், கொசு வேறு. வெளியே மூட்டியிருந்த அடுப்பில் இருந்து கொட்டாங்குச்சிக் கங்கைத் தூபக்கால் நிறைய அள்ளி, சாம்பிராணியும் கொஞ்சம் காய்ந்த வேப்பிலையும் போட்டு உள்ளே கொண்டுவந்தேன். புகை அடங்கியதும் வெளியே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கங்கு சிவப்பாக, புகையில்லாமல், பார்க்கவே இதமாக இருந்தது. குளிருக்கு ஆகட்டும், துணியும் காயட்டும் என்று மூலையில் வைத்துவிட்டேன். வாசல் ஜிப்பை மூடினேன். மேலே காற்றுக்காக இருந்த வலை ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று அதையும் மூடினேன். மூன்று பேரும் படுத்தோம். கொஞ்ச நேரத்தில் "தல வலிக்குதுப்பா" என்றாய். "பஜ்ஜிய அந்தத் தின்னு தின்னா வலிக்காம என்னா பண்ணும், சும்மா படு" என்றேன். எனக்கும் தலை கனத்தது. மழைக்குத் தூக்கம் சொக்குகிறது என்று நினைத்தேன். அப்புறம் நான் வெளியே வந்தேன். காற்று முகத்தில் பட்டதும் தலை தெளிந்தது. டீ போடலாம் என்று உள்ளே அம்மாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தோளைத் தொட்டு உலுக்கினேன், தலை ஒரு பக்கமாகத் துவண்டது. காலைப் பிடித்து இழுத்து ஈர மணலில் கொண்டுவந்து போட்டேன். மழை அவள் முகத்திலேயே பெய்தது. எவ்வளவு நேரம் கழித்துக் கண் திறந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு நேரம் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றும் தெரியாது.

டாக்டரிடம் போனோம். காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை விரதம் என்றேன். கரி வைத்ததை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. ரத்தம் குறைவாக இருக்கலாம் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு உன் அம்மா சொந்தக்காரர்கள் மத்தியில் ரத்தமில்லாதவள் ஆகிவிட்டாள். குமராட்சியில் இருந்து உன் பெரிய மாமா முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமுமாக வந்து இறங்கினார். ஆறு மாதம் கழித்து ரத்தம் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரை கேட்டிருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். முதலில் இருந்தே சரியாகத்தான் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியும்.

எப்படித் தெரியும் என்கிறாயா? நான் யார்? வேதியியல் வாத்தியார். அந்த வருஷம் மார்கழி மாதம் பிளஸ் ஒன் வகுப்பில் கார்பன் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். போதிய காற்று இல்லாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவாசித்தால் தலைவலி, குமட்டல், மயக்கம், மரணம். வருஷா வருஷம் நான் வாய்ப்பாடாக ஒப்பித்து, பிள்ளைகள் எழுதிக்கொள்கிற நாலு வரி. மயக்கம் என்று சொன்னதும் எனக்கு மேலே ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாருக்கு உடம்பு சரியில்லை என்று பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊருக்குப் பாடம் சொல்கிறவன் சொந்தப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒரு துணிப் பைக்குள் போட்டு ஜிப் மூடியிருக்கிறேன். அன்றே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றேன். பொங்கல் கழியட்டும் என்றேன். ஒரு வருஷம் சொல்லாமல் இருந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். டென்ட்டை உன் மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், நெல் மூட்டையை மூடிக் கிழிந்து போயிற்று.

நான் வாயை மூடிக்கொண்டதற்கு விலை கொடுத்தவள் அவள். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்ததே, உனக்குத் தெரியும். தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும். வழியில் மயக்கம் போட்டால் யார் பார்ப்பது என்று உன் மாமா கேட்டார், அத்தை கேட்டாள். எனக்குப் பதில் தெரியும், அப்படியும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போகவில்லை. மலைக்கோயிலுக்குப் போகவில்லை, சுற்றுலாவுக்கு வரவில்லை. ஏலகிரிக்கு நீ கூப்பிட்டபோதும், "எனக்கு ஒடம்பு தாங்காதுடா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, தம்பி. ஒருநாளும் இருந்ததில்லை.

இன்று காலை அவளிடம் சொல்லிவிட்டேன். மாடியில் டென்ட்டை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்திருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முனையை விடவில்லை. "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பதினெட்டு வருசமா?" என்றாள். ஆமாம் என்றேன். மடித்து முடித்து, பையில் போட்டு, கயிற்றை இறுக்காமல் கட்டினாள். பிறகு சொன்னாள்: "என் கணக்க அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல கொழந்த. அவங்கிட்ட போன்ல சொன்னா நீங்க மென்னு முழுங்கிடுவீங்க. எழுதுங்க. நான் படிச்சிப் பாத்துட்டுத்தான் அவங்கிட்ட குடுப்பேன்." கீழே போய் உன் பெண்டாட்டிக்கு அவளே போன் போட்டாள். தூபக்காலைக் காரில் ஏற்றாதே என்று மட்டும் சொன்னாள், காரணம் உன் வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சொல்லுவார் என்றாள்.

ஆகவே கேள். டென்ட்டுக்குள் எதையும் எரிக்காதே. கரி, விறகு, கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, எதுவும் கூடாது. ஜிப் திறந்திருக்கிறதே, ஜன்னல் திறந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. அணைந்த மாதிரி தெரியும் கங்கும் கூடாது, புகையில்லாத கங்குதான் ஏமாற்றும். சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் வெளியே, மரத்தடியில், காற்று போகிற பக்கம் பார்த்துப் போடு. கொசுவுக்கு வலை இருக்கிறது, குளிருக்குப் போர்வை இருக்கிறது. உள்ளே படுத்திருக்கும்போது யாராவது தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் என்ன தின்றாய் என்று விசாரிக்காதே. தூக்கிக்கொண்டு வெளியே ஓடு, அப்புறம் விசாரி. பாப்பாவுக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. மற்றபடி பட்ட கிளை இருக்கிற முந்திரிக்குக் கீழே நிறுத்தாதே, தாழ்வான இடத்தில் நிறுத்தாதே. திரும்பி வரும்போது மழை பெய்தால் ஈரமாகவே சுருட்டிக்கொள், ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துப் போடு. முளைகளை எண்ணு.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்துக் கையெழுத்தும் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். "அவன் கன்னத்த எழுதலியே" என்றாள். எந்தக் கன்னம் என்றேன். எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி கேட்டேன். "நான் கண்ணத் தொறந்தப்ப மொதல்ல அவன் மொகந்தான் தெரிஞ்சிது. கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்துச்சு. ஏன் அடிச்சீங்கன்னு அவனும் சொல்லல, நீங்களும் சொல்லல. அப்பறம் நான் வெளிய வந்தேன்னு எழுதியிருக்கீங்களே, எதுக்கு வந்தீங்க? அத எழுதுங்க" என்று பேனாவை என் கையில் திணித்தாள். இப்போது எதிரே நின்றுகொண்டிருக்கிறாள்.

எழுதுகிறேன். உனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஜிப்பைத் திறந்துகொண்டு மழையில் ஓடினாய். திறந்த வாசல் திறந்தபடியே கிடந்தது, சாரலும் கொசுவும் உள்ளே வந்தன. கதவைச் சாத்தத் தெரியாதாடா என்று கத்திக்கொண்டே தட்டுத் தடுமாறி எழுந்து வந்தேன். நீ ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். உன்னைத் திருப்பி நிறுத்தி ஓங்கி அறைந்தேன். பத்து வயதில் நீ அந்த ஜிப்பை ஒழுங்காக மூடிவிட்டுப் போயிருந்தால் நான் எழுந்து வந்திருக்க மாட்டேன், உன் அம்மா கண் திறந்திருக்க மாட்டாள். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருப்பது உன்னால். அதற்கு நான் உனக்குக் கொடுத்தது அந்த அறை. அழுதுகொண்டே, "இனிமே மூடிடுறேம்ப்பா" என்றாய். இருபத்தெட்டு வருஷத்தில் உன்னிடம் ஒருநாளும் சொல்லாத வார்த்தை, நேரில் பார்த்தால் இன்றும் என் வாயில் வராது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். என்னை மன்னித்துவிடு, தம்பி.

அப்பா